நான் எதைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தேன்

ராசா,

உன் கடிதம் போன மாதம் தபாலில் வந்தது. டிஸ்பென்சரி வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். காத்திருந்த ஆட்களுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். கடைசி வருஷத்துப் பிள்ளைகள் நீங்கள் ஏழெட்டுப் பேர், கல்லூரிச் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்காமல், இனி என்ன வேலைக்குப் போவது, ஒரு வேலையில் எதைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டிருந்ததை எழுதியிருந்தாய். யாழ்ப்பாணத்துப் பையன் பென்சன் வேண்டும் என்றானாம், மாற்றல் வந்தாலும் ரயில் போகிற ஊராக வர வேண்டும் என்றானாம். கண்டிப் பையனுக்கு, லீவில் ஊருக்குப் போனால் பார்க்கிறவர்கள் எழுந்து நிற்கிற உத்தியோகம் வேண்டுமாம். நம் பதுளைக் கடைவீதிச் சாயபு மகன், வெள்ளைக்காரன் மணியடித்துக் கூப்பிடாத எந்த வேலையும் சரி, வாப்பாவின் துணிக்கடையானாலும் சரி என்றானாம். அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். உன்னைக் கேட்டபோது மட்டும் நீ பதில் சொல்லாமல் இருந்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய்.

உனக்கு முன்னால் இப்போது இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஊவாவில் பல தோட்டங்களைப் பார்த்துக்கொள்கிற கம்பெனியின் கொழும்பு ஆபீசில். தோட்டங்களிலிருந்து வருகிற ரிப்போர்ட்டுகளை, அதாவது ஆட்கள் எத்தனை, நோய் எத்தனை, சாவு எத்தனை என்பதையெல்லாம் படித்துச் சுருக்கி எழுதிக் கொடுக்கிற பிரிவு. நம் தோட்டத்துப் பெரிய துரை உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறார். இருக்க வீடு உண்டு, கோட்டு போட்டுக்கொண்டு போகலாம். இன்னொன்று பதுளைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. இரண்டையும் எழுதிவிட்டு, 'அப்பா, நீங்கள் எதைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தீர்கள்?' என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் அம்மா கண்ணை மூடுவதற்கு நாலு நாள் முன்பு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "அவன் ஒரு வேலைக்குப் போறதுக்கு முந்தி அதை அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போய் மூன்று வருஷமாகிறது. நீ ஒவ்வொரு லீவுக்கும் வந்து போனாய். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்குச் சொல்லத் தைரியம் வரும்.

நான் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஆள் கூப்பிட்டு எண்ணுகிற பெரட்டுக்கு விடிவதற்கு முன்பே தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் என் அப்பன், ஆத்தாள், அக்காள் மூன்று பேரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பனியில் இறங்கி ஓடுவார்கள். களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய நாள் கூலி போச்சு. நானும் பத்து வயதிலிருந்து அந்த வரிசையில் நின்றவன்தான். பிறகு ஒரு பாதிரியார் என்னைப் பதுளைக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். பதினெட்டு வயதில் என் முன்னாலும் இரண்டு வேலைகள் வந்து நின்றன. ஒன்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் நாலு கம்பு நட்டு ஓலை போட்ட கொட்டகை. இன்னொன்று ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகி, டிஸ்பென்சராகப் போவது. அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு யாழ்ப்பாணத்து ஆட்கள்தான் வருவார்கள். லயத்துப் பிள்ளை ஒருவன் வருவது அதிசயம்.

நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? நோயாளிகளைப் பார்த்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை. டிஸ்பென்சருக்குத் தகரக் கூரை போட்ட தனி வீடு உண்டு என்று பார்த்தேன். காலுக்குச் சப்பாத்து போடலாம் என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் பெரட்டுத் தப்பு அடிக்கும்போது நான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று பார்த்தேன். நமுனுகுல மலையடியில் இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் வாரம், தப்புச் சத்தம் கேட்டதும் விழித்துக்கொண்டு, வேண்டுமென்றே கட்டிலில் படுத்துக் கிடந்தேன். வெளியே ஆட்கள் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஒரு கங்காணி என்னைக் கண்டு எழுந்து "வாங்கய்யா" என்று சொன்ன அன்று, என் அப்பனைக் கூட்டிவந்து அதைக் காட்ட வேண்டும் போல இருந்தது. உன் நண்பர்கள் கேட்கிறது எதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. எனக்கும் அதே ஆசைகள்தான்.

நீ பிறந்த சமயம் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் நின்றுபோனது. மாட்டுப்பால் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் உன் அழுகையே தேய்ந்துபோய்விட்டது. மருந்துக்காரன் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்ற என் அலமாரியில் ஒன்றும் இல்லை. கீழ் லயத்திலிருந்து வீராயி வந்தாள். அவளுக்கு நாலு மாதப் பெண் குழந்தை, செல்லம்மா. வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே உள்ளே போய், "குடுங்கம்மா இப்படி" என்று உன்னை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏழு மாதம், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு முகம் கழுவிக்கொண்டு முதலில் நம் வீட்டுக்கு வருவாள், பிறகுதான் தன் பிள்ளையிடம் போவாள். உன் அம்மா ஒரு சேலை எடுத்துக் கொடுத்தபோது, "பாலுக்குச் சேலையா? போங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போனாள். உனக்கு வீராயியம்மாவை ஞாபகம் இருக்கும். காய்ச்சலில் செத்துப்போனாள் என்று உனக்குச் சொன்னோம். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

உனக்கு எட்டு வயது நடந்த மழைக்காலம் அது. லயம் லயமாகக் காய்ச்சல் பரவியது. ஒரு காம்பராவில் ஒருவர் விழுந்தால் இரண்டு நாளில் எல்லோரும் விழுந்தார்கள். மலையில் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் முற்றிக்கொண்டிருந்தது. அப்போது புதிதாக வந்திருந்த துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டிஸ்பென்சர், எனக்கு ஆள் வேணும். பாதி ஆள் சோம்பேறிக் காய்ச்சல்."

"இல்லீங்க துரை, உண்மையான காய்ச்சல்தான். நான் பார்த்துத்தான் வேலைக்குப் போகாம நிறுத்துறேன்."

"நாளையில இருந்து நீ பெரட்டுக்கு வரணும். அங்கேயே பார்த்துச் சொல்லணும். ஒரு நாளைக்கு இருபது பேர் லயத்தில நிக்கலாம். அதுக்கு மேலே ஒரு ஆள் நிக்கக் கூடாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "உனக்கு இந்த வேலை பிடிக்காட்டி சொல்லு. பதுளையில ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றார். சத்தம் போடவில்லை, கோபப்படவும் இல்லை. நான் "சரிங்க துரை" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். நேரமே ஆகவில்லை, ராசா. வாய் தயாராக இருந்தது.

அப்படியாக நான் மறுபடியும் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். வரிசையில் நிற்கவில்லை, வரிசைக்கு எதிரே நின்றேன். கையைத் தொட்டுப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்லுவேன். "நீ லயத்துக்குப் போ", "நீ மலைக்குப் போ". இருபது ஆனதும் அதற்குப் பிறகு வருகிற கை எவ்வளவு கொதித்தாலும் மலைக்குத்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நல்ல மழை. பத்தொன்பது பேரை நிறுத்தியிருந்தேன். ஒரே ஒரு இடம் இருந்தது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு வீராயி வந்து நின்றாள். அவளுக்கு அது நாலாம் நாள் காய்ச்சல். முதல் மூன்று நாளும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறாள். கையைத் தொட்டேன். சுட்டது. அவளுக்குப் பின்னால் கங்காணியின் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் காய்ச்சல், ஆனால் அவ்வளவு இல்லை. அவன் சத்தம் போடுகிற ஆள். இவளை நிறுத்தினால், டிஸ்பென்சர் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்குச் சலுகை காட்டினான் என்று துரை காதுவரை போகும். இவளை அனுப்பினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முக்கியமாக இவள் கேட்க மாட்டாள். அவ்வளவுதான் என் கணக்கு.

"வீராயி, இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடு. நாளைக்கு நிறுத்திடுறேன்" என்றேன்.

"சரிங்கய்யா" என்றாள். இரண்டு அடி வைத்தவள் திரும்பி, "தம்பிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

உனக்கும் அப்போது அதே காய்ச்சல். நீ வீட்டில் இரண்டு போர்வைக்குள் படுத்திருந்தாய். உன் அம்மா கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். "தேவலை" என்றேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு மேலே ஏறினாள்.

பத்து மணிக்குள் மேல் மலையில் விழுந்துவிட்டாள். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சளி கட்டி மூச்சு வாங்கியது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் அதைவிட மோசம். டிஸ்பென்சரிப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே, 'காய்ச்சல். ஏழு நாள் லயத்தில் ஓய்வு. மருந்து கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பெரிய டாக்டர் சுற்றிப் பார்க்க வந்தவர், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, புத்தகம் ஒழுங்காக வைத்திருக்கிறாய் என்று துரை முன்னால் என்னைப் பாராட்டினார்.

காரியம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் வீராயியின் புருஷன் கருப்பையா டிஸ்பென்சரிக்கு வந்தான். செல்லம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு மலைக்குப் போகாம படுத்திருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

"இல்லை கருப்பையா. அவளுக்கு முத்திப்போச்சு. போயிருந்தாலும் போகாட்டியும் அதேதான்" என்றேன்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்த வருஷமே ஹல்துமுல்லைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

உன் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நீங்கதான் போகச் சொன்னீங்களா?" நான் துரையின் கட்டளையைச் சொன்னேன், இருபது பேர் கணக்கைச் சொன்னேன், வீடு போய்விடும் என்றேன், உன் படிப்பைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். என்னோடு பேசாமல் இருந்தாள் என்றில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் அன்றிலிருந்து சாகும்வரை, தனக்கு ஒரு தலைவலி என்றால்கூட என்னிடம் மருந்து கேட்டதில்லை. கடைசி நோயிலும் பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போகச் சொன்னாள். நீ அப்போது, "வீட்டிலேயே மருந்துக்காரர் இருக்கும்போது ஏன் அம்மா இப்படிச் செய்கிறாள்?" என்று என்னிடம் கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

உன்னைப் பதுளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்தத் துரைதான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் கொடுத்தார். நீ படித்த படிப்பு உன்னுடையது, உன் மூளையும் உழைப்பும் உன்னுடையவை, அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கின கை என்னுடையது. அதை உன்னிடம் மறைத்து வைக்க எனக்கு இனி உரிமை இல்லை.

உன் கேள்வி வந்த பிறகு, இதை உனக்கு எழுதுவதற்கு முன் இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து அப்புத்தளை வரை ரயிலில் போய், மீதியை இறக்கத்தில் நடந்தேன். முழங்கால் இப்போது முன்போல இல்லை. விசாரித்து விசாரித்து லயத்தைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. கருப்பையாவுக்கு ஒரு கண் முழுக்கப் பூ விழுந்துவிட்டது, மலைக்குப் போவதில்லை. செல்லம்மாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அப்பனைத் தன்னோடு வைத்திருக்கிறாள். என் குரலைக் கேட்டதும் அவன் எழுந்துவிட்டான். "மருந்தையாவா? வாங்க, வாங்க. தம்பி கொழும்புல படிக்கிறாராமே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். தேத்தண்ணீர் வந்தது. நான் குடிக்கவில்லை. குடித்துவிட்டுச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

"கருப்பையா, அன்னைக்கு நீ என்கிட்ட ஒண்ணு கேட்டே. நான் பொய் சொன்னேன். படுத்திருந்தா அவ பொழைச்சிருப்பா. நிச்சயமா இல்லைன்னாலும், பெரும்பாலும் பொழைச்சிருப்பா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் கையை எடுத்துவிட்டான். அவன் திட்டுவான் என்று நினைத்திருந்தேன், அழுவான் என்று நினைத்திருந்தேன், ஒருவேளை மன்னித்துவிடுவான் என்றுகூட, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போயிருந்தேன்.

"அவ எப்படியும் போயிருப்பான்னு இத்தனை வருஷமா மனசைத் தேத்தி வச்சிருந்தேன்யா. அன்னைக்கு அவளைப் போகாதேன்னு நான் புடிச்சு நிறுத்தலியேன்னு கொஞ்ச நாள் கெடந்து துடிச்சேன். நீங்க சொன்ன வார்த்தையிலதான் எந்திரிச்சேன். இப்ப வந்து அதையும் எடுத்துட்டுப் போறீங்களே" என்றான்.

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "போயிட்டு வாங்கய்யா" என்று மட்டும் சொன்னான்.

ஆகையால், ராசா, நீ எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. அனுபவித்ததை மட்டும் சொல்லுகிறேன். பென்சனைப் பார், தப்பில்லை. கூரை ஒழுகாத வீட்டைப் பார், ஒழுகுகிற கூரையின் கீழ் வளர்ந்தவன் நான், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை 'முடியாது' என்று சொன்னால் உன்னிடமிருந்து எதை எதைப் பிடுங்குவார்கள் என்று சேருவதற்கு முன்பே எண்ணிப் பார். அவற்றை இழந்தும் உன்னால் இருக்க முடியுமா என்று பார். நான் அதை எண்ணவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வேலை எனக்குக் கொடுத்த நல்ல சாமான் ஒவ்வொன்றும் என் வாயில் ஒரு பூட்டாகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. கொழும்பு ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனால், 'ஏழு நாள் ஓய்வு, மருந்து கொடுக்கப்பட்டது' என்று எழுதின தாள்கள் உன் மேசைக்கு வரும். எழுத்து அழகாக இருக்கும். அதை எழுதினவன் எப்படிப்பட்டவன் என்று உனக்கு இப்போது தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரு நாள் யாராவது ஒருவர் உன்னிடம் ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவிலிருந்து அடிக்கச் சொல்லத்தான் செய்வார்கள். எங்கே போனாலும் அந்த நாள் வரும்.

நான் லயத்தை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தபோது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. செல்லம்மா. இடுப்பில் சின்னப் பிள்ளை. எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். அவள் முகம் அப்படியே அவள் ஆத்தாள் முகம். ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்து நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்டது இதுதான்:

"தம்பி எந்த மாதிரி வேலைக்குப் போவாருங்க? எங்களாட்டம் ஆளுக நேர வந்து பார்க்கிற எடமா?"

தெரியவில்லையம்மா, கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன். அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். நீ எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கோபம் இருந்தால் இருக்கட்டும். அவளுக்கு எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டுகிறேன். கருப்பையா என்னை உள்ளே வரவிடாவிட்டால், வாசலில் நின்று அவளுக்குக் கேட்கும்படி வாசிக்கிறேன்.

உன் அப்பா